ஒஜுக்வுவும் பயாஃப்ராவும்: தலைமை பற்றிய ஒரு விமர்சன நோக்கு

விடுதலை இயக்கங்களின் வரலாறு பெரும்பாலும் தலைவர்களின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. வெற்றிபெற்ற இயக்கத்தின் தலைவன் தேசபிதாவாகப் போற்றப்படுகிறான். தோல்வியுற்ற இயக்கத்தின் தலைவனோ ஒருசாராருக்கு வீரனாகவும் மறுசாராருக்குக் குற்றவாளியாகவும் காட்சியளிக்கிறான். போற்றலும் தூற்றலும் தம்முள் மாறுபட்டனவாகத் தோன்றினும் அடிப்படையில் ஒன்றையே செய்கின்றன. தலைவனை உருவாக்கிய சமூக நிலைமைகள் யாவை, எக்கோட்பாட்டின் பெயரால் அவன் மக்களை அழைத்தான், அக்கோட்பாட்டுக்குத் தானே எவ்வளவு தூரம் கட்டுப்பட்டு நின்றான் என்னும் வினாக்களை அவை மறைத்துவிடுகின்றன. நைஜீரியாவின் கிழக்குப் பிராந்தியத்து இராணுவ ஆளுநராக இருந்து, 1967ஆம் ஆண்டு மே 30ஆம் நாள் அப்பிராந்தியத்தைப் பயாஃப்ராக் குடியரசு எனப் பிரகடனஞ்செய்த சுக்வுஎமேக்கா ஒடுமெக்வு ஒஜுக்வுவின் (1933–2011) அரசியல் வாழ்வு இவ்வினாக்களை எழுப்புவதற்குப் பெரிதும் உகந்தது. அவரது பேச்சுகளும் எழுத்துகளும் கிடைக்கின்றன. அவருடன் நின்றோரும் எதிர்த்து நின்றோரும் எழுதிய நூல்களும் கிடைக்கின்றன. எனவே சொல்லையும் செயலையும் ஒப்புநோக்கி மதிப்பிடுதல் இயல்வதாகும்.

ஒஜுக்வுவின் வாழ்வை விளங்கிக்கொள்ள நைஜீரியாவின் அமைப்பினை முதலில் மனங்கொள்ளல் வேண்டும். 1914இல் பிரித்தானியர் தமது நிருவாக வசதிக்காக ஒன்றிணைத்த நாடு அது. 1960இல் சுதந்திரம் கிடைத்தபோது வடக்கு, மேற்கு, கிழக்கு என மூன்று பிராந்தியங்கள் இருந்தன. வடக்கிலே ஹௌசா-ஃபுலானியரும் மேற்கிலே யொரூபாக்களும் கிழக்கிலே இக்போக்களும் பெரும்பான்மையினர். ஆயின் ஒவ்வொரு பிராந்தியத்தினுள்ளும் அப்பெரும்பான்மைக்கு அஞ்சிய சிறுபான்மையினர் இருந்தனர். கிழக்கிலே இஜோ, எஃபிக், இபிபியோ, ஒகொனி முதலிய மக்கள் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கினராக வாழ்ந்தனர். கலபார், ஒகொஜா, ஆற்றுப்பகுதி ஆகியவற்றை இணைத்துத் தனி மாநிலம் வேண்டுமென்னும் கோரிக்கை 1950களிலேயே அவர்களிடையே எழுந்திருந்தது. அவர்களது அச்சத்தை ஆராயவென அமைக்கப்பட்ட வில்லிங்க் ஆணைக்குழு 1958இல் அறிக்கை சமர்ப்பித்தது. அச்சம் உண்டென ஏற்றுக்கொண்ட அக்குழு தனி மாநிலங்களை விதந்துரைக்கவில்லை. தீர்க்கப்படாத இவ்வினா பின்னர் பயாஃப்ராவின் கருவிலேயே குடிகொண்டது.

ஒஜுக்வு இந்நாட்டின் வடபகுதியிலுள்ள சுங்கேரு என்னுமிடத்திலே பிறந்தார். தந்தையாராகிய சேர் லூயிஸ் ஒடுமெக்வு ஒஜுக்வு பாரஊர்தித் தொழிலாற் பெருஞ்செல்வம் ஈட்டியவர். நைஜீரியாவின் முதன்மையான தனவந்தருள் ஒருவராக எண்ணப்பட்டவர். மகன் லாகோசிலும் பின்னர் இங்கிலாந்தில் எப்சம் கல்லூரியிலும் பயின்று, ஒக்ஸ்போர்ட் லிங்கன் கல்லூரியிலே வரலாறு கற்றுப் பட்டம் பெற்றார். நாடு திரும்பியவர் தந்தையின் வணிகத்தை நாடாது கிழக்குப் பிராந்திய நிருவாக சேவையிற் சேர்ந்தார். 1957இல் அதனையும் விட்டு இராணுவத்திற் புகுந்தார். பட்டதாரிகள் இராணுவத்தை எட்டிப்பாராத காலம் அது. செல்வம், கல்வி, படைப்பயிற்சி ஆகிய மூன்றும் ஒருவரிடத்தே சேர்ந்தமை அவருக்குத் தன்னம்பிக்கையை ஊட்டியது. பிறரது அறிவாற்றலைக் குறைத்து மதிப்பிடும் போக்கினையும் அதுவே ஊட்டியதென அவரோடு பணியாற்றியோர் சிலர் கருதினர்.

1966 சனவரியில் இளம் இராணுவ அதிகாரிகள் நிகழ்த்திய சதிப்புரட்சியின்போது ஒஜுக்வு வடக்கே கானோவிற் படைப்பிரிவொன்றின் தளபதியாக இருந்தார். புரட்சியை முன்னின்று நடத்தியோருட் பெரும்பாலானோர் இக்போக்கள். எனினும் அவர் அவர்களோடு சேராது இராணுவத் தலைமைக்கு விசுவாசமாக நின்றார். பிற்காலத்திற் பிரிவினையின் சின்னமாக விளங்கியவர் கூட்டாட்சியின் கட்டுக்கோப்பைக் காத்தவராகவே அரசியல் அரங்கில் நுழைந்தார் என்பது ஈண்டுக் கருதற்பாலது. ஆட்சிப்பொறுப்பை ஏற்ற ஜெனரல் இரொன்சி அவரைக் கிழக்கின் இராணுவ ஆளுநராக நியமித்தார். அவ்வாண்டு யூலையில் நிகழ்ந்த எதிர்ப்புரட்சியில் இரொன்சி கொல்லப்பட்டார். யாக்குபு கொவொன் தலைமைக்கு வந்தார். இராணுவ முதுநிலை வரிசையில் தகுதிபெற்றவர் அவரல்லர் என்று கூறி அத்தலைமையை ஒஜுக்வு ஏற்க மறுத்தார். செப்ரெம்பர், ஒக்ரோபர் மாதங்களில் வடபகுதியில் இக்போக்களும் ஏனைய கிழக்கு மக்களும் ஆயிரக்கணக்கிற் கொலைசெய்யப்பட்டனர். பத்து இலட்சத்திற்கும் மேற்பட்டோர் உடைமைகளை இழந்து கிழக்கே வந்து சேர்ந்தனர் எனக் கணிக்கப்படுகிறது. பிரிவினை உணர்ச்சியை ஒஜுக்வு உண்டாக்கினார் என்னும் கூற்று வரலாற்றுக்கு முரணானது. உயிருக்குப் பாதுகாப்பளிக்கத் தவறிய அரசே அவ்வுணர்ச்சியைத் தோற்றுவித்தது. புகையிரதங்களிலே காயங்களுடன் வந்திறங்கிய மக்களுக்கு எவரும் பிரிவினையைப் போதிக்க வேண்டியிருக்கவில்லை.

1967 சனவரி 4ஆம், 5ஆம் நாள்களிற் கானாவின் அபுரியில் நடைபெற்ற மாநாடு ஒஜுக்வுவின் அரசியல் வாழ்விலே உச்சமான கட்டமாகும். ஏனையோர் தோழமை உணர்வோடு உரையாட வந்தனர். அவரோ வரைவுகளையும் வாதங்களையும் ஆயத்தஞ்செய்து வந்தார். நாடு முழுவதையும் பாதிக்கும் தீர்மானங்களுக்குப் பிராந்திய ஆளுநர்கள் யாவரதும் இணக்கம் வேண்டும் என்னும் அடிப்படை அங்கு ஏற்றுக்கொள்ளப்பட்டது. அது செயற்பட்டிருப்பின் நைஜீரியா தளர்வான ஒரு கூட்டிணைப்பாக மாறியிருக்கும். ஆயின் கூட்டம் முடிந்து ஊர் திரும்பிய கொவொனுக்கு அவரது மத்திய அதிகாரிகள் எதனை விட்டுக்கொடுத்துள்ளார் என்பதை விளக்கினர். மார்ச்சில் வெளியான எட்டாம் இலக்க ஆணை அபுரி உடன்பாட்டின் பெரும்பகுதியைச் சட்டமாக்கிய அதேவேளை, பிராந்தியமொன்றில் நெருக்கடிநிலையைப் பிரகடனஞ்செய்யும் அதிகாரத்தை மத்திக்கு ஒதுக்கிக்கொண்டது. ஒஜுக்வு அதனை முற்றாக நிராகரித்தார்.

அபுரியில் அவர் பெற்ற வெற்றி விவாத மேடையின் வெற்றியாகும். விவாதத்தில் எதிராளி வாயடைத்துப்போவதோடு காரியம் முடிந்துவிடும். அரசியல் உடன்பாட்டிலோ, எதிராளி வீடு திரும்பிய பின்னரும் அதனைத் தனதெனக் கொள்ளத்தக்கதாக இருத்தல் வேண்டும். எதிர்த்தரப்பு முழுமையாக விளங்கிக்கொள்ளாத உடன்பாட்டைப் பெறுதல் திறமையேயாயினும், அத்தகைய உடன்பாடு நிலைப்பதில்லை. எட்டாம் இலக்க ஆணை வாக்குறுதி மீறல் என்பதில் ஐயமில்லை. எனினும் அதிற் கிடைத்த பகுதியைப் பற்றிநின்று எஞ்சியதற்காகப் போராடியிருக்க முடியாதா என்பது இன்றும் கேட்கத்தக்க வினா. படுகொலைகளை அண்மையிற் கண்ட மக்கள், நெருக்கடிநிலை அதிகாரத்தைக் கையிலேந்திய மத்திய அரசை எங்ஙனம் நம்புவர் என்னும் மறுவினாவும் அதே அளவு நியாயமானது. இவ்விரண்டினையும் ஒருசேர நிறுத்தியே அவரது முடிவினை எடைபோடல் தகும்.

மே 26ஆம் நாள் கிழக்கின் ஆலோசனைச் சபை சுதந்திரப் பிரகடனத்துக்கு ஆணை வழங்கியது. மறுநாட் கொவொன் நாட்டைப் பன்னிரண்டு மாநிலங்களாகப் பிரித்தார்; கிழக்கு மூன்றாகப் பிளக்கப்பட்டது. எண்ணெய் வளமும் கடல்வாயிலும் சிறுபான்மையினரின் இரு மாநிலங்களிற் பெரும்பாலும் அடங்க, இக்போக்களுக்கு நிலத்தாற் சூழப்பட்ட உட்பகுதியே எஞ்சியது. இது போர்த்தந்திரம் என்பது வெளிப்படை. ஆயின் அத்தந்திரம் பலித்ததேன்? கிழக்கின் சிறுபான்மையினர் பல்லாண்டுகளாகக் கேட்டு வந்ததும், கிழக்கின் தலைமை கொடுக்க மறுத்து வந்ததுமான ஒன்றை மத்திய அரசு ஒரே நாளிற் கொடுத்தது. 1953இல் கலபாரைச் சேர்ந்த எயோ இத்தா பிராந்திய அரசின் தலைமையிலிருந்து அகற்றப்பட்டு அசிக்கிவே அவ்விடத்துக்கு வந்தமையைச் சிறுபான்மையினர் மறக்கவில்லை. 1966 பெப்ரவரியில் ஐசாக் போரோ என்னும் இஜோ இளைஞர் நைஜர் டெல்ற்றாக் குடியரசைப் பிரகடனஞ்செய்தார். பன்னிரண்டு நாள்களில் அது முறியடிக்கப்பட்டது. போரோவுக்கு மரணதண்டனை விதிக்கப்பட்டது. அக்காலத்திற் கிழக்கின் ஆளுநராக வீற்றிருந்தவர் ஒஜுக்வுவே. பின்னர் போரோவை விடுதலை செய்தவர் கொவொன். விடுதலை பெற்றவர் கூட்டாட்சிப் படையிற் சேர்ந்து பயாஃப்ராவுக்கு எதிராகப் போரிட்டு 1968இல் மாண்டார்.

மக்களினம் ஒன்று தன் வாழ்வைத் தானே தீர்மானிக்கும் உரிமை உடையது என்பது பயாஃப்ராவின் அடிநாதமான கோட்பாடு. அக்கோட்பாட்டை மத்திய அரசை நோக்கி உரத்துக்கூறிய ஒஜுக்வு, அதே கோட்பாடு தம்மை நோக்கிக் கூறப்பட்டபோது என்ன விடை அளித்தார் என்பதே அவரை மதிப்பிடுவதற்குரிய உரைகல். அவர் சிறுபான்மையினரை முற்றாகப் புறக்கணித்தார் என்பது பொருந்தாது. தலைமைச் செயலாளராயிருந்த அக்பானும், படைத்தலைமையில் அவருக்கு அடுத்த நிலையிலிருந்த பிலிப் எஃபியொங்கும் இபிபியோ இனத்தவர். மாகாண அமைப்பொன்றினாற் சிறுபான்மையினரின் மனக்குறையைத் தணிக்கவும் அவர் முயன்றார். ஆயினும் உயர்பதவிகளில் ஒருசிலரை அமர்த்துதல் வேறு. ஒரு மக்கட்கூட்டத்தின் சம்மதத்தைக் கேட்டுப்பெறுதல் வேறு. சிறுபான்மையினரிடையே சர்வசன வாக்கெடுப்பு நடத்தலாம் என அவர் முன்மொழிந்தமை உண்மை. 1968 ஓகஸ்ற்றில் அடிஸ் அபாபாப் பேச்சுவார்த்தையின்போது அது வலியுறுத்தப்பட்ட வேளையிற் கலபாரும் போட் ஹார்கோட்டும் ஏற்கெனவே அவர் கையைவிட்டுப் போயிருந்தன. ஆளுகையில் இருந்தபோது கேட்கப்படாத சம்மதம் இழந்தபின் கேட்கப்பட்டது. இதற்கிடையில் ஒவ்வொரு நகரும் வீழ்ந்தபோது நாசகாரர் என்ற பழி அப்பகுதியிலிருந்த சிறுபான்மையினர்மீது சுமத்தப்பட்டது. அக்பான் 1971இல் வெளியிட்ட நூலும் கென் சரோ விவா 1989இல் வெளியிட்ட போர்க்கால நினைவுகளும் இச்சந்தேகச் சூழலை எடுத்துரைக்கின்றன.

போர் 1967 யூலையிலே தொடங்கியது. அதனை நடத்திய முறையிலும் அதிகாரம் ஒரே இடத்திற் குவிந்தமை தெளிவாகப் புலப்படுகிறது. ஓகஸ்ற்றிற் பயாஃப்ராப் படைகள் மத்திய-மேற்குப் பிராந்தியத்திற் புகுந்தன. அப்படையை நடத்திய விக்ரர் பான்ஜோ ஒரு யொரூபா. படையெடுப்புத் தோல்வியுற்றதும் அவரும் வேறு மூவரும் தேசத்துரோகக் குற்றஞ்சாட்டப்பட்டுச் செப்ரெம்பரிற் சுட்டுக்கொல்லப்பட்டனர். போரைத் தவிர்க்கும் மூன்றாவது சக்தியொன்றைத் தேடி அக்காலத்திற் கிழக்கே சென்று ஒஜுக்வுவைச் சந்தித்த வோலே சொயிங்கா, திரும்பியதும் மத்திய அரசினாற் சிறையிலிடப்பட்டார். இரு தரப்பிலும் நடுவே நிற்போருக்கு இடமில்லாது போயிற்று. தளபதியாயிருந்த மடியெபோ 1980இல் எழுதிய நூல், இராணுவத் தலைமைக்கு உரிய அதிகாரங்கள் ஒஜுக்வுவின் கைக்குள்ளேயே இறுக்கப்பட்டிருந்தமையைக் குறைகூறுகிறது. தோல்வியுற்ற தளபதிகள் தலைவர்மேற் பழிபோடுதல் வழக்கமே. ஆயின் குடிசார் அதிகாரியாகிய அக்பானும் படைத்தளபதியாகிய மடியெபோவும் வெவ்வேறு நிலைகளிலிருந்து இவ்விடயத்தில் ஒன்றுபடுவதை எளிதிற் புறந்தள்ள இயலாது.

1968இன் நடுப்பகுதிக்குள் பயாஃப்ரா துறைமுகங்களை இழந்து நாற்புறமும் முற்றுகையிடப்பட்டது. பட்டினியால் மாண்டோர் தொகை ஐந்து இலட்சத்திலிருந்து இருபது இலட்சத்துக்கு மேல் எனப் பலவாறாக மதிப்பிடப்படுகிறது. உணவை ஆயுதமாக்கிய முற்றுகையின் முதற்பொறுப்பு மத்திய அரசினதும் அதற்குப் படைக்கலம் வழங்கிய பிரித்தானியாவினதும் சோவியத் ஒன்றியத்தினதும் ஆகும். செஞ்சிலுவைச் சங்க விமானமொன்றை 1969 யூனில் மத்திய விமானப்படை சுட்டுவீழ்த்தியமையும் பதிவாகியுள்ளது. எனினும் தரைவழியாக உணவு கொண்டுவரும் திட்டத்தையும், பின்னர் பகல்நேர விமானப் போக்குவரத்துத் திட்டத்தையும் ஒஜுக்வு ஏற்கவில்லை. உணவில் நஞ்சு கலக்கப்படலாம், திறந்த பாதையாற் படை புகுந்துவிடலாம், மத்திய அரசின் மேற்பார்வையை ஏற்பது இறைமையைக் கைவிடுவதாகும் என்பன அவர் கூறிய காரணங்கள். அவற்றுட் சில ஆதாரமற்றவை அல்ல. ஆயினும் இறைமை யாருக்காக என்னும் வினா இங்கே தவிர்க்கவியலாதது. உலகின் மனச்சாட்சியை எழுப்பிய பட்டினிக் குழந்தையின் நிழற்படம் பயாஃப்ராவின் மிக வலிய தூதுவனாயிற்று. தன் மக்களின் துயரமே தன் அரசியலின் ஆகப்பெரிய மூலதனமாகிவிடும் நிலைக்கு வந்த தலைமை, அத்துயரத்தைக் குறைக்கும் வழிகளை ஐயக்கண்ணோடு நோக்கத் தொடங்கும் ஆபத்து உண்டு. அவ்வாபத்திலிருந்து ஒஜுக்வு முற்றாகத் தப்பினார் எனக் கூறுதல் அரிது.

1969 யூன் 1ஆம் நாள் வெளியிடப்பட்ட அஹியாராப் பிரகடனம் அவரது பெயரால் வழங்கும் எழுத்துகளுள் மிக முக்கியமானது. சினுவா அச்செபே தலைமைதாங்கிய தேசிய வழிகாட்டற் குழு அதனை உருவாக்கியது. 1967இல் தன்சானியா வெளியிட்ட அருஷாப் பிரகடனத்தின் சாயல் அதிற் படிந்துள்ளது. கறுப்பினத்தாரின் சுயமரியாதை, வல்லரசுகளின் கூட்டு, எண்ணெய் நலன் ஆகியவை பற்றி அது கூறுவன இன்றும் வலுவிழக்கவில்லை. அதனினும் மேலாக, பயாஃப்ராவின் உள்ளேயே ஊழலிலும் ஆடம்பரத்திலும் திளைத்த மேல்வர்க்கத்தினரை அது கடிந்துரைத்தது. அதிகாரத்தில் இருப்போர் மக்களின் ஊழியர் என்றது. போரின் நடுவே ஓர் இயக்கம் தன்னைத்தானே இவ்வாறு விமர்சித்தல் அரிய நிகழ்ச்சியாகும். ஆயின் பிரதியையும் அதன் காலத்தையும் சேர்த்து நோக்குமிடத்துக் குறைபாடொன்று புலனாகும். நாடு சுருங்கி, மக்கள் பசியால் மடிந்துகொண்டிருக்கையில், புரட்சியின் தத்துவம் போரின் ஈற்றாண்டில் எழுதப்பட்டது. தலைவர் மக்களுக்குப் பொறுப்புக்கூற வேண்டும் என்ற பிரதி, அப்பொறுப்பை எந்த மன்றில், எவ்வகையிற் கேட்பது என்னும் நிறுவனத்தை உருவாக்கித் தரவில்லை. பெருஞ்செல்வரின் மைந்தர் வாசித்த சமவுடைமைப் பிரகடனம் என எதிரிகள் எள்ளினர். பிறப்பைக் காட்டி எள்ளுதல் முறையன்று. கோட்பாடு அமைப்பாக மாறாது நின்றது என்பதே பொருத்தமான விமர்சனம்.

1970 சனவரி 11ஆம் நாள் ஒஜுக்வு ஐவரி கோஸ்ற்றுக்கு வெளியேறினார். சமாதானம் தேடிச் செல்வதாக மக்களுக்கு அறிவிக்கப்பட்டது. மறுநாள் வானொலியிற் போர்நிறுத்தத்தை அறிவித்தவரும், சனவரி 15இல் லாகோசிற் சரணடைவுப் பத்திரத்தைக் கையளித்தவரும் எஃபியொங் ஆவார். சிறுபான்மை இனத்தவரான அவர் ஓடி ஒளியாது நின்று, பழிக்கும் தண்டனைக்கும் ஆளாகக்கூடிய பொறுப்பை ஏற்று, எஞ்சிய உயிர்களைக் காத்தார். பிரகடனஞ்செய்தவரின் பெயரை உலகம் நினைவிற் கொண்டுள்ளது. முடித்துவைத்தவரின் பெயரைப் பலர் அறியார். வீரத்தைத் தொடக்கங்களில் மட்டுமே தேடும் வழக்கம் இதற்குக் காரணமாகலாம்.

பன்னிரண்டு ஆண்டுகால அஞ்ஞாதவாசத்தின் பின் 1982இல் ஜனாதிபதி ஷகாரி அவருக்கு மன்னிப்பளித்தார். திரும்பிவந்தவரைப் பெருந்திரளான மக்கள் வரவேற்றனர். ஆயின் அவர் இணைந்தது ஷகாரியின் ஆளுங்கட்சியில். 1983 செனற் தேர்தலில் தம் சொந்தப் பகுதியிலேயே தோல்வியடைந்தார். அவ்வாண்டிறுதியிற் புஹாரி இராணுவ ஆட்சி அமைத்தபின் சிறைப்பட்டார். 1989இல் வெளியான அவரது நூல் நைஜீரியாவின் ஒருமைப்பாட்டினுள்ளேயே நீதியைத் தேடும் குரலில் அமைந்தது. 2003இலும் 2007இலும் ஜனாதிபதித் தேர்தலிற் போட்டியிட்டு வெற்றிபெறவில்லை. 2011 நவம்பர் 26ஆம் நாள் லண்டனிற் காலமான அவருக்கு 2012 மார்ச்சில் நைஜீரிய அரசு இராணுவ மரியாதை செய்தது. ந்நெவியில் நடந்த அவ்விறுதிக்கிரியையிற் கலந்துகொண்ட ஜனாதிபதி குட்லக் ஜொனதன், 1956இல் முதன்முதலாக எண்ணெய் கண்டெடுக்கப்பட்ட டெல்ற்றாப் பகுதியின் மைந்தர்.

ஒஜுக்வுவின் பிற்கால நிலைப்பாடு கொள்கைத் துறவா, முதிர்ச்சியா என்பது பற்றிக் கருத்து வேறுபாடு உண்டு. அச்செபே 2012இல் வெளியிட்ட நினைவுநூல், மத்திய அரசின் பட்டினிக் கொள்கையைக் கடுமையாகச் சாடும் அதேவேளை, ஒஜுக்வு, கொவொன் ஆகிய இரு இளந்தலைவர்களுக்கிடையிலான தனிப்பட்ட போட்டியும் பேரழிவுக்குத் துணைநின்றதைச் சுட்டத் தவறவில்லை. மறுபுறத்தில் ஒகொனியாராகிய சரோ விவா போர்க்காலத்தில் மத்திய அரசின் பக்கம் நின்று பொனித் துறைமுகத்தின் நிருவாகியாகப் பணியாற்றியவர். அவரது 1985ஆம் ஆண்டு நாவலாகிய சோசாபோய், எதற்காகப் போரிடுகிறோம் என்பதை அறியாது படையிற் சேர்ந்த சிற்றூர் இளைஞன் ஒருவனின் கண்கொண்டு போரைக் காட்டுகிறது. பெருந்தலைவர்களின் சொற்கள் ஊரை எட்டும்போது என்னவாகின்றன என்பதை அந்நாவல் காட்டுவதுபோல எந்த அரசியல் நூலும் காட்டவில்லை. பயாஃப்ராவை எதிர்த்த அவரையே, ஒகொனி மக்களின் நிலத்துக்கும் எண்ணெய்க்கும் உரிமை கேட்டமைக்காக, அபாச்சாவின் இராணுவ அரசு 1995 நவம்பர் 10ஆம் நாள் தூக்கிலிட்டது.

போரோ, ஒஜுக்வு, சரோ விவா ஆகிய மூவரையும் ஒரே வரிசையில் நிறுத்தி நோக்கும்போதே ஒஜுக்வுவின் இடம் தெளிவாகிறது. 1967இல் அவர் கொவொனிடம் எழுப்பிய வினாவை 1966இலேயே போரோ எழுப்பியிருந்தார்; 1990களிற் சரோ விவா மீண்டும் எழுப்பினார். மத்திய அரசு மூவருக்கும் அளித்த விடை படைபலமும் மரணதண்டனையுமே. போரோவின் வினாவுக்குத் தமது ஆளுகையின்போது வேறொரு விடையை அளிக்கும் வாய்ப்பு ஒஜுக்வுவுக்கு இருந்தது. அதனை அவர் பயன்படுத்தவில்லை. அவரது கோரிக்கையின் நியாயத்தை இது அழித்துவிடாது. 1966இன் பிணங்கள் அந்நியாயத்துக்கு என்றும் சான்று பகரும். ஆயின் நியாயமான கோரிக்கை நியாயமான அரசாகத் தானே மலர்ந்துவிடுவதில்லை என்பதையும் அவரது வாழ்வு காட்டுகிறது. சுயநிர்ணயத்தைக் கோரும் ஓர் இயக்கம், தன் எல்லைக்குள் வாழும் மிகச்சிறிய மக்கட்கூட்டம் எழுந்து நின்று அதே சொல்லைக் கூறும்போது என்ன செய்யும் என்பதைப் பிரகடன நாளுக்கு முன்னரே சொல்லியாக வேண்டும். ஒஜுக்வு அதனைச் சொல்லத் தாமதித்தார். அத்தாமதத்தின் விலையை அவரைவிட அவர்தம் மக்களும், அவர் மக்களென எண்ணத் தவறியோருமே செலுத்தினர்.